கோமளாவின் ஈரலும் என் எடையும்

என் எடை எவ்வளவு என்று என் கணவருக்குத் தெரியாது. என் டாக்டரிடம்கூட ஒரு தோராயமான எண்ணைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், இந்தப் பலாப்பழ சீசனில், காடாம்புலியூர் பக்கம் லாரி எடை மேடை ஒன்றில் ஏறி நின்று, ஊர் பேர் தெரியாத டிரைவர்கள் முன்னிலையில் அதை உரக்கச் சொல்ல வேண்டி வந்தது.

காரணம்? ஒரு பசுமாட்டின் ஈரல்.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப் பிளாக்குக்குப் பால் ஊற்றுகிறவர் ஞானவேல் அண்ணன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை, பர்மனென்ட். வீடு முத்தாண்டிக்குப்பத்தில். ஷிஃப்டுக்குப் போகிற வழியில் எங்களுக்கெல்லாம் பாலை ஊற்றிவிட்டுப் போவார். வடலூர் வள்ளலார் சபைக்கு மாதப் பூசம் தவறாமல் போய் வருகிறவர். கொசுவை அடிக்க மாட்டார், ஊதி அனுப்புவார். ஒருநாள் டியூட்டிக்கு லேட்டாகப் போய், ஏன் என்று கேட்ட சூப்பர்வைசரிடம், "ஹெல்மெட்டுல எறும்பு ஏறிடுச்சுங்க. அதுங்களா இறங்கட்டும்னு வெயிட் பண்ணிக்கினு இருந்தேன்" என்று சொன்னவர். அது பொய்யில்லை என்பதுதான் சூப்பர்வைசருக்குப் பிரச்சினை.

அவர் ஊற்றும் பால் திடீரென்று நீர்த்துப் போனது.

"பாலா இது? ஆடை நீக்கின தண்ணி!" என்றார் பக்கத்து குவார்ட்டர்ஸ் சபாபதி சார். ரிடையராகப் போகிறவர். எதையும் சந்தேகத்தோடு ஆரம்பிப்பவர். "ஞானவேலும் கடைசியில கத்துக்கிட்டான் பாரும்மா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எறும்புக்காகக் காத்திருக்கிற மனுஷன் பாலில் தண்ணீர் கலப்பாரா? மறுநாளிலிருந்து பாலே வரவில்லை. ஷிஃப்டுக்கும் ஆள் போகவில்லை என்று அதே சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் கணவர் சொன்னார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன்.

அங்கே நான் கண்ட காட்சி...

வாசல் வேப்பமரத்தடியில் அவருடைய மாடு, கோமளா. எலும்பும் தோலுமாக. தாடைக்கு அடியில் ஒரு பலூனைக் கட்டி விட்டதுபோல் வீக்கம். கழுத்தில் தங்கச் சங்கிலி. பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில், கையில் கம்போடு ஞானவேல் அண்ணன்.

"என்ன அண்ணே இது?"

"காவலுக்கு ஒக்காந்துக்கினு இருக்கேன் தங்கச்சி. பவுனு இல்ல?"

உள்ளேயிருந்து அவர் மனைவி அஞ்சலை அண்ணி வந்தார். "பொன்னுக்கு வீங்கிம்மா. தாடை வீங்கியிருக்குது பாரு. பவுனு போட்டா வடிஞ்சிடும்."

"மாட்டுக்குப் பொன்னுக்கு வீங்கி வருமா அண்ணி?"

"மனுசனுக்கு வருதே. இதுக்கு மட்டும் கழுத்து இல்லியா?"

கோமளாவின் கழுத்தைப் பார்த்தேன். இருக்கத்தான் செய்தது.

வீட்டிலிருந்த ஒரே சங்கிலி அது. மாட்டுக்குப் போட்டாயிற்று. பவுன் போட்ட மாட்டை வெளியே மேய்க்க முடியுமா? ஆகவே மேய்ச்சல் நின்றது. மாட்டுக்குக் காவல் வேண்டுமே? ஆகவே டியூட்டி நின்றது. ஊரே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "பாரு, நல்லா பாரு... மாட்டுக்குப் போட்டிருக்காங்க. நானும் ஒரு வூட்டுல வாக்கப்பட்டு வந்தேனே!" என்று ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போனாளாம்.

மாடு மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றேன்.

"பூச்சி மருந்து போன மாசமே குடுத்தாச்சு. அதான் பவுனு போட்டிருக்கோமே" என்றார் அண்ணி.

கெஞ்சிக் கூத்தாடி கால்நடை டாக்டரை வரவழைத்தேன். சின்ன வயசுப் பெண். பைக்கிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வி: "செயின் யாரோடது?"

"மாட்டோடதுங்க... இல்ல, எங்களோடது" என்றார் அண்ணன்.

டாக்டரம்மா மாட்டின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. தாடை வீக்கத்தை விரலால் அமுக்கினார், குழி விழுந்தது. கழிச்சல் இருக்கிறதா, சினையா, எங்கே மேய்கிறது... வரிசையாகக் கேட்டார். சினை இல்லை என்றார் அண்ணி. மேய்ச்சல் எங்கே என்றால், சுரங்கத்துத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில். எந்தக் கோடையிலும் அங்கே மட்டும் புல் பச்சையாக இருக்கும்.

"சாணியை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார்.

போனோம். தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தெளிய வைத்து, அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். முட்டை வடிவத்தில், தங்க நிறத்தில், தகதகவென்று மணி மணியாக ஏதோ மின்னியது.

"ஈரல் புழுவோட முட்டை. பித்தம் பட்டு இந்த நிறம்" என்றார் டாக்டர். "கழுத்துல போட்ட தங்கத்தைக் கழட்டி உள்ள வைங்கம்மா. இங்க சாணியிலயே வேண்டிய மட்டும் இருக்கு."

தட்டையாக, இலை மாதிரி ஒரு புழுவாம். ஈரலுக்குள் குடியிருக்கும். ரத்தம் குறைய, தாடையில் நீர் கோத்துக்கொள்ளும், பாலும் நீர்த்துப்போகும். அதன் முட்டை சாணியோடு வெளியே வந்து, தண்ணீரில் பொரித்து, நத்தைக்குள் புகுந்து வளர்ந்து, பிறகு புல்லில் ஒட்டிக்கொண்டு, மறுபடி மாட்டின் வாய்க்குள் போகும். போன மாதம் கொடுத்த சாதாரணப் பூச்சி மருந்து இதற்குப் போதவில்லை. இதற்கென்று தனி மருந்து இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஞானவேல் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அந்த மருந்து குடுத்தா... புழு வெளிய வந்துடுங்களா?"

"செத்துடும்."

"எல்லாமேவா?"

"மருந்தே அதுக்குத்தானே சார்?"

"சாவாம, சும்மா வெளிய மட்டும் போவுற மாதிரி ஏதாச்சும் மருந்து இருக்குதுங்களா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இல்ல சார்."

"எனக்குக் கொஞ்சம் டயம் குடுங்க டாக்டரம்மா. யோசிச்சிட்டு வரேன்."

"யோசிங்க. ஆனா உங்க மாட்டுக்கு அவ்வளவு டயம் இல்ல."

எல்லா உயிரையும் நேசிப்பது சுலபம்தான் – ஒன்றின் ஈரலுக்குள் இன்னொன்று குடித்தனம் பண்ணாத வரைக்கும்!

வீட்டுக்குப் போனதும் பூகம்பம். அஞ்சலை அண்ணி கத்தியது மெயின் ரோடு வரை கேட்டிருக்கும்.

"புழுவுக்குப் பாவம் பாக்குறியே, கோமளாவுக்கு யாரு பாக்குறது? அது வாயில்லா ஜீவன்... நீ வாய் இருக்குற ஜீவன்தான, சொல்லு!"

"அதுங்களும் உசுருதான அஞ்சலை. ஒண்ணு இல்ல ரெண்டு இல்ல, எத்தினின்னே தெரியல. ஒண்ணைக் காப்பாத்த அத்தினியையும் கொல்றதா?"

"அப்ப ஓட்டு வெச்சுக் கணக்குப் பாக்குறியா?"

விவாதம் சட்டென்று என் பக்கம் திரும்பியது. "தங்கச்சி, நீ வாராவாரம் பத்திரிகையில எல்லாத்துக்கும் நியாயம் எழுதுற. இதுக்கு ஒரு நியாயம் சொல்லு."

எழுதுவது வேறு, ஒரு மாட்டின் முன்னால் நின்று சொல்வது வேறு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு அண்ணே..." என்று ஆரம்பித்தேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஈரல் புழுவைக்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

கோமளாவின் கதை எனக்குத் தெரியும். அது பிறந்த சில நாட்களிலேயே தாய்ப்பசு செத்துப்போனது. பால் புட்டியில் ரப்பர் மாட்டி, மடியில் தலையை வைத்து, அண்ணன்தான் ஊட்டி வளர்த்தார். கன்றாக இருந்தபோது பஸ் ஸ்டாப் வரை அவர் பின்னாலேயே வருமாம். அவர் பஸ் ஏறிய பிறகும் அங்கேயே நின்று கத்துமாம்.

இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

போனபோது கோமளா படுத்திருந்தது. காலையிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். அண்ணன் தரையில் உட்கார்ந்திருக்க, அவர் தொடை மேல் மாட்டின் தலை. வீக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி... இத்தினி நாளு நான் பாவம் புண்ணியம்னு பேசிக்கினு இருந்தேன். இது ஒண்ணுமே கேக்கல. என் மேல சாஞ்சிக்கினு மட்டும் இருக்குது."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "குடுத்துடலாம். ஆனா ஒண்ணு, என் கையாலதான் குடுப்பேன். பாவம்னா எனக்கே வரட்டும். வேற ஆளுக்கு எதுக்கு?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இந்தப் பத்தி இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அது அண்ணன் மனதில் ஆழமாக இறங்கியிருந்தது.

"கூடப் போனா கோமளாவுக்கு ஆவாது. கம்மியாப் போனா புழுவுங்க அரை உசுரா கெடந்து துடிக்கும். அது இன்னும் பெரிய பாவம். சரியா எடை பாக்கணும்."

மாட்டை எப்படி எடை பார்ப்பது? லாரியை எடை போடுகிறார்களே! அக்கம்பக்கத்து ஆட்கள் கைகொடுக்க, கோமளாவை எழுப்பி நிறுத்தி, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பின்னால் என் ஸ்கூட்டர். காடாம்புலியூர் பக்கம் எடை மேடையில் எங்களுக்கு முன்னால் எடை போட்டு இறங்கிய ஒரு பலாப்பழ லாரி நின்றது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து எடை போடுகிறவர் எட்டிப் பார்த்தார். "லோடு என்னா?"

"மாடு."

"எத்தினி?"

"ஒண்ணு."

"ஒரு மாட்டுக்கு எடை மேடையா? சரி... ஏத்துங்க. அப்புறம் இறக்கிட்டு எம்ட்டி வண்டிய ஏத்துங்க. கழிச்சிக்கலாம்."

நல்ல யோசனை. மாட்டோடு சேர்த்து வண்டி மேடை ஏறுவதற்குள், பலாப்பழ வாசனை காற்றில் வந்தது. பத்து நாளாகத் தீனியை முகர்ந்துகூடப் பார்க்காத கோமளா, மூக்கை உயர்த்தியது. பின் கதவைத் திறந்து வைத்திருந்தோமோ இல்லையோ, தானாகவே தொப்பென்று இறங்கி, எடை மேடையைக் குறுக்கே கடந்து லாரியை நோக்கி நடந்தது!

அண்ணன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். குட்டியானை டிரைவர் பக்கவாட்டில் தடுத்தார். நான் பின்னாலிருந்து – வேறென்ன செய்ய – தள்ளினேன். மாடு மேடையில் நின்றது. யாராவது ஒருவர் இறங்கினாலும் அந்தப் பக்கமாகத் திரும்பிவிடுகிறது. மீண்டும் பிடி, மீண்டும் தள்ளு.

"அசையாதீங்க! எடை விழுந்துடுச்சு!" என்று கத்தினார் எடைக்காரர். "மாட்டோட சேத்து மூணு ஆளு. உங்க எடையச் சொல்லுங்க, கழிச்சுடறேன்."

"எனக்கு அம்பத்திரெண்டு. வருசா வருசம் மெடிக்கல் செக்கப்புல பாக்குறதுதான்" என்றார் அண்ணன்.

"எழுவது" என்றார் டிரைவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லாரி மேலே பலாப்பழத்தின் மீது உட்கார்ந்திருந்த இரண்டு பேர் உட்பட.

"அம்பத்தெட்டு" என்றேன்.

எடைக்காரர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மேடம்... நானு டெய்லி லோடு பாக்குறவன்."

"அறுபதுன்னு வச்சுக்குங்களேன்."

ஞானவேல் அண்ணன் கயிற்றை விடாமல் திரும்பினார். அவர் குரல் கெஞ்சியது. "தங்கச்சி, உண்மையச் சொல்லும்மா. நீ கொறைச்சுச் சொன்னா அது கோமளா கணக்குல ஏறிடும். உசுரு சமாச்சாரம்."

என்ன செய்வேன்? கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"எழுபத்தொண்ணு."

பலாப்பழத்தின் மேலிருந்து யாரோ, "அட!" என்றார்கள்.

கழித்துப் பார்த்ததில் கோமளா முந்நூற்று நாற்பது கிலோ சொச்சம். இந்தச் சாதனையை அன்று மாலை என் கணவரிடம் – என் எடையை மட்டும் விழுங்கிவிட்டு – விவரித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "மாட்டை இறக்கிவிட்டுட்டு, நீங்க மூணு பேரும் மட்டும் ஒரு தடவை மேடையில ஏறி நின்னிருந்தா, மொத்தமா கழிச்சிருக்கலாமே?"

கழித்திருக்கலாம்தான். அங்கிருந்த ஒருவருக்காவது அது தோன்ற வேண்டாமா?

அது போகட்டும். எடை மேடையிலிருந்து நேரே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எடையைப் பெருமையாகச் சொன்னோம். டாக்டரம்மா கையில் ஒரு டேப்பை எடுத்து, மாட்டின் நெஞ்சைச் சுற்றி அளந்து, நீளத்தை அளந்து, கணக்குப் போட்டார். கிட்டத்தட்ட அதே எடை.

"இதுக்கா காடாம்புலியூர் போனீங்க?"

நான் பைக்குள் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

மருந்தை அளந்து ஊற்றினார். உதவியாளர் கையை நீட்ட, அண்ணன் தடுத்தார். "நான்தாங்க குடுக்கணும். பாவம் உங்களுக்கு வேணாம்."

"எனக்கு ஏற்கெனவே ஏகப்பட்டது சேர்ந்துபோச்சு சார். இன்னைக்குக் காலையில மட்டும் நாலு ஆட்டுக்குக் குடுத்திருக்கேன்" என்றார் டாக்டர். "சரி, நீங்களே குடுங்க. தலையை ரொம்பத் தூக்காதீங்க, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். கடைவாய் பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க."

அண்ணன் பாட்டிலை வாங்கினார். மாட்டின் வயிற்றில், ஈரல் இருக்கும் பக்கம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வலது பக்கம். அங்கே கையை வைத்தார். கண்ணை மூடினார்.

"மன்னிச்சிக்குங்கப்பா. போவ எடமில்லாம வந்து தங்கிட்டீங்க, எனக்குத் தெரியுது. எங்க பழைய ஊரையும் சுரங்கத்துக்குன்னு எடுத்தாங்க. எங்களுக்காச்சும் முன்னாடியே நோட்டீஸ் குடுத்தாங்க. ஒங்களுக்கு நான் இப்பதான் சொல்றேன்..."

கோழியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சிரிக்கலாமா, அழலாமா என்று எனக்கும் புரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தால் இருமல்தான் வரும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

"சார்," என்றார் டாக்டரம்மா, நிஜமாகவே மென்மையாக. "கண்ணைத் திறந்துட்டு ஊத்துங்க. மூக்குல விட்டுடப் போறீங்க."

கோமளா மருந்து முழுவதையும் விழுங்கியது. கடைசியில் அண்ணனின் சட்டையைப் பிடித்து நக்கியது.

மருந்து கொடுத்த பிறகு, டாக்டர் சொல்லும் வரை பாலை யாரும் குடிக்கக் கூடாது. கறந்து கொட்டிவிட வேண்டும். இதை அண்ணன் எங்கள் பிளாக்கில் வீடு வீடாக வந்து சொன்னார். தண்ணீர் கலந்ததாகச் சந்தேகப்பட்ட சபாபதி சார், விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, அவரைத் தனியாக ஓரம் கட்டினார்.

"ஞானவேலு, எனக்கு ஃபேட்டி லிவர்னு ஸ்கேன்ல வந்திருக்குய்யா. ஈரலைச் சுத்தம் பண்ற மருந்துன்னா, அந்தப் பாலைக் கொட்டாம எனக்கு ஒரு அரை லிட்டர்..."

"சார், அது புழுவுக்கான மருந்து."

"இருக்கட்டுமே. உள்ள என்ன இருக்குன்னு யார் கண்டா?"

அண்ணன் கொடுக்கவில்லை. கறந்த பாலைக் குழி வெட்டிக் கொட்டி மூடினார். சபாபதி சார் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

கோமளாவின் தாடை வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இமைக்குள் சிவப்பு திரும்பியது. தீனித் தொட்டியைக் கொம்பால் முட்டிக் காலி என்று அறிவிக்க ஆரம்பித்தது. சாணியை மறுபடி பரிசோதித்த டாக்டர், முட்டை எதுவும் தெரியவில்லை, எதற்கும் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். பால் திரும்ப வந்த அன்று, எங்கள் வீட்டில் காபிக்கு ஆடை எடுக்க வேண்டியிருந்தது. அஞ்சலை அண்ணி சங்கிலியைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, "பவுனு போட்டதும் ஒரு காரணம்தான்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் டாக்டரம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "வாய்க்கால் கரையில நத்தை இருக்கிற வரைக்கும் இது திரும்ப வரும். அங்க மேய்க்காதீங்க. உங்க வூட்டுப் பக்கத்துப் பள்ளத்துல இருக்கிற நத்தையையும் ஒழிச்சிடுங்க. வாத்து விட்டா தின்னுடும்."

ஒழிப்பதா? இன்னொரு கொலையா? அண்ணன் அரிசி சல்லடையும் பக்கெட்டுமாகப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு நத்தையாக, ஓடு நொறுங்காமல் பொறுக்கினார். இதுகளை எங்கே கொண்டுபோய் விடலாம் என்று டாக்டருக்கே போன் செய்து கேட்டார். மறுமுனையிலிருந்து பதில்: "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். மாடு, ஆடு வராத எடமா, யாரும் கீரை பறிக்காத எடமா இருக்கணும். தண்ணி வெளிய ஓடக் கூடாது. முடிஞ்சா வலை போட்டு மூடிடுங்க."

இப்படிப்பட்ட இடம் இந்த வட்டாரத்தில் எங்கே இருக்கிறது?

போன வாரம் காலையில் காலிங் பெல். பால் கேனோடு இன்னொரு கையில் பக்கெட்டையும் வைத்துக்கொண்டு ஞானவேல் அண்ணன். "தங்கச்சி... உங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி ஒரு சிமென்ட் தொட்டி சும்மா கெடக்குது இல்ல?"

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன். கொசு வலை போட்ட தொட்டியில், நிதானமாக, ஓட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருகிறார்கள்.

இந்த டவுன்ஷிப்பில் சீனியாரிட்டி லிஸ்ட்டில் காத்திருக்காமல் குவார்ட்டர்ஸ் கிடைத்த ஒரே குடும்பம்!